பொதுநிலையினரின் கல்விப்பணியும் நம் மாலைப்பள்ளியும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்களித்த தலைப்பு 'கல்வியும் சமுதாய முன்னேற்றமும்' என்பது. அத்தலைப்பில் நாம் பல மேடைகளில் பேசியாயிற்று. நீங்களும் பலமுறை பொறுமையுடன் கேட்டாயிற்று. ஆகவே இன்று சற்று வேறு வழியிற் செல்ல இசைவு தரவேண்டுகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவானவராகவோ துறவியாகவோ இராமல், உழைத்துப் பிழைத்துக் குடும்பம் நடத்தும் மக்களைப் பொதுநிலையினர் என்று அழைப்பார்கள். அத்தகைய எளிய மக்கள், சிறப்பாக நம்மைப் போன்று ஒடுக்கப்பட்டவர்கள், தமக்குத் தாமே நடத்திக்கொண்ட சமுதாயக் கல்வியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். தலைமையாசிரியர் திடீரென மதப் பிரசாரம் செய்யத் தொடங்கிவிட்டாரோ என்று யாரும் ஐயுற வேண்டா. நாம் கத்தோலிக்கர் அல்லர். நம் மாலைப்பள்ளி தொடர்பாகக் கழகத்திற்கு வந்துள்ள ஒரு கடிதத்தைப் படித்த நாள்முதல் இவ்வரலாறு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை, காரணம் அதுவே. கடிதத்திற்குப் பின்னர் வருவோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. பெல்ஜியம் நாட்டிலே பிரசெல்சு நகரருகில் 1882இல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் கார்டைன். குருமடத்தில் சேர்ந்து படித்து, விடுமுறைக்கு ஊர் திரும்பினார். உடன்படித்த தோழர்களெல்லாம் அதற்குள் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றுவிட்டிருந்தனர். அவர்கள் இவரை அந்நியராகப் பார்த்தார்கள், விலகிப் போனார்கள். அந்தப் பார்வை அவரைச் சுட்டது. படித்தவன் தன் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துபோகாமல் இருப்பதற்கு என்ன வழி என்று எண்ணி எண்ணி, 1925இல் இளந்தொழிலாளர் இயக்கத்தை அமைத்தார். (நம்மிலே பட்டம் பெற்று நகரத்திற்குக் குடிபெயர்ந்தோர் திருவிழாவுக்கு வரும்போது, பழைய தோழர்கள் எழுந்துநின்று 'வாங்க சார்' என்கிறார்களே, அந்த 'சார்' என்ற சொல்லிலும் அதே பார்வைதான் இருக்கிறது. நாமும் அதைப் பெற்றிருக்கிறோம்.)

அவ்வியக்கத்தின் முறை மிக எளியது. சிறு சிறு குழுவாக அமர்வது. தம் வாழ்வில் அவ்வாரம் நிகழ்ந்த ஒன்றை எடுத்துவைத்து உள்ளது உள்ளபடி பார்ப்பது. அது சரியா, தவறா, ஏன் நேர்ந்தது என ஆராய்வது. பின்னர்த் தம்மால் இயன்ற ஒரு சிறு செயலைச் செய்வது. பார், ஆராய், செய் என்னும் இம்மூன்றையும் 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலிலேயே ஏற்று எழுதினார். இதிற் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, மேடைப் பேச்சாளரும் இல்லை. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு இதை ஒப்புக்கொள்வது சற்றுக் கடினமாகவே இருந்தது.

இம்முறை நம் வாயிலருகே வந்துசேர்ந்த கதையும் உண்டு. பிள்ளைப்பாக்கத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே சென்னைக்குச் செல்லும்போது பூவிருந்தவல்லியைக் கடக்கிறோம். 1924இல் தோன்றிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை 1970இல் அங்கே கூடியது. அதுவரை பெரும்பாலும் பக்தி முயற்சிகளிலும் தொண்டுப் பணிகளிலும் ஈடுபட்டிருந்த அம்மாணவர்கள், சிலர் பலரை ஆளும் அநீதியான சமுதாயத்தில் வாழ்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டு, நீதியான சமுதாயத்தைப் படைப்பதற்குத் தம்மை ஒப்படைப்பதாக அறிக்கை வெளியிட்டனர். பூவிருந்தவல்லி அறிக்கை என்று அதற்குப் பெயர். அதன்பின் அவ்வியக்கத்து மாணவர் பலர் சேரிகளுக்கும் குப்பங்களுக்கும் சென்று தங்கி, மக்களிடம் படிக்கத் தொடங்கினர்.

எனினும் அம்மாணவர் கூட்டத்திற்குள்ளேயே விடை கிடைக்காத வினா ஒன்று இருந்தது. ஏழைக்காகப் பேசுகிறோம், சரி. கோவிலுக்குள் நம் பக்கத்தில் அமரும் தலித் கத்தோலிக்கருக்காக யார் பேசுவது? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் நம் இரத்த உறவினரே. மதம் மாறினார்கள், சேரி மாறவில்லை. கோவிலில் தனியிடம், கல்லறையில் தனியிடம், தேர் வராத தெரு என்னும் கொடுமைகள் பல ஊர்களில் அவர்களைத் தொடர்ந்தன. திருச்சியில் கல்லறைத் தோட்டத்தையே சுவரொன்று இரண்டாகப் பிரித்து நின்றது. மதராசு மாகாணத்துத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் 1929இலேயே சைமன் குழுவினிடம் விண்ணப்பித்து, மதம் மாறியும் தங்கள் நிலை மாறவில்லை எனக் கூறினர். அண்ணல் அம்பேத்கர் மதம் மாறியோரின் நிலைபற்றி எழுதுகையில் அவ்விண்ணப்பத்தைக் கருத்துடன் எடுத்தாண்டுள்ளார்.

சட்டமும் அவர்களைக் கைவிட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் இனத்தவராகக் கருதலாகாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. அக்கதவைத் தட்டியவர்களுள் ஒருவரைச் சொல்லாமல் இருக்க இயலாது. அவர் பெயர் சூசை. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். சாலையோரச் செருப்புத் தைக்கும் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. பக்கத்தில் அமர்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவருக்குக் கிடைத்தது; இவருக்கு, கிறித்தவர் என்பதால், இல்லை. சூசை உச்ச நீதிமன்றம்வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று கூறி, 1985இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

இளைஞர்களே, இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். அவர் தோற்றது பொய் சொன்னதனாலன்று, சான்று இல்லாமையால். ஊர் ஊராகச் சென்று எந்தக் கோவிலில் எத்தனை வரிசை, எந்தக் கல்லறையில் எத்தனை சுவர், எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் நம்மவர் என்று கேட்டு எழுதித் தொகுத்து வைத்திருந்தால் மட்டுமே அது நீதிமன்றத்தில் சான்றாகும். 1980களில் தலித் கிறித்தவ விடுதலை இயக்கம் போன்ற அமைப்புகளில் திரண்ட பொதுநிலையினரும், அவர்களோடு நின்ற சில குருக்களும், அந்த வேலையையே மேற்கொண்டனர். ஆயர்களை நோக்கி ஊர்வலம் சென்றனர், கோவில் வாயிலில் உண்ணாநோன்பிருந்தனர், ஊர்தோறும் கணக்கெடுத்தனர். 1992இல் வெளிவந்த 'கருக்கு' என்னும் நூலைப் படித்திராதவர்கள் நம் படிப்பகத்திலிருந்து எடுத்துப் படியுங்கள். அதை எழுதிய பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருக்கக் கண்டு வெளியேறியவர்; நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். தன் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி பார்த்துத் தன் மொழியில் எழுதினார். அதுவே பல்கலைக்கழகங்களுக்குப் பாடநூலாயிற்று.

இவற்றின் விளைவு யாது என்றால், இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித்துகளுள் அப்பதவியை எய்திய முதல்வர் அவர். அதே ஆண்டு, மதம் மாறியோரைப் பட்டியலில் சேர்ப்பது குறித்து ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. சூசை கேட்டது பெட்டிக்கடை ஒன்று. அதன் விடையைத் தேடி நாடு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

நம் மாவட்டத்தின் கதையும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி எழுதிய குறிப்பின் பயனாக 1892இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. நூறாண்டில் அவற்றுட் பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. அவற்றை மீட்கக் காரணை கிராமத்தில் எழுந்த போராட்டத்தில் இந்துக்களும் இருந்தனர், கிறித்தவர்களும் இருந்தனர். அங்கே நிறுவப்பட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதை எதிர்த்து, 10-10-1994 அன்று செங்கற்பட்டில் மக்கள் திரண்டபோது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர்நீத்தனர். அவ்விரு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நம் இனத்தின் வரலாறு அவ்விரு பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

நாம் அன்று செங்கற்பட்டுக்குச் செல்லவில்லை. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். நண்பர்கள் வந்து அழைத்தார்கள். "அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறவன் போலீசுப் புத்தகத்தில் பேர் எழுதிக்கிட்டு வராதே" என்று அம்மா சொன்னார்கள்; நாம் வீட்டில் இருந்துவிட்டோம். அதன்பின் வேலையும் கிடைத்தது. அம்மா சொன்னது தவறென்று இன்றும் சொல்லத் துணியோம். ஆயினும் அந்தத் தேதி நாட்காட்டியில் வரும் ஒவ்வோராண்டும் நாம் வகுப்பறையில் சற்றே அமைதியாகிவிடுவதை மாணவர்கள் கண்டிருப்பார்கள்.

இனிக் கடல்கடந்து ஒரு செய்தி. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1877இல் குத்தகை உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர் தாமஸ் வயட் டர்னர், கருப்பர், கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பள்ளியில் கருப்பருக்கு இடமில்லை என்றமையால் வேறொரு சபையின் பள்ளியிற் படித்தார். அயராது பயின்று 1921இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கருப்பின அமெரிக்கர் அவரே. வாஷிங்டன் நகரில் பேராசிரியராக இருந்தபோது, முதலாம் உலகப்போர்க் காலத்தில், கருப்பினப் பொதுநிலையினர் சிலரைத் தம் வீட்டிற்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். கோவிலில் பின்வரிசை ஏன்? நம் பிள்ளைகளுக்குக் குருமடம் ஏன் மூடியிருக்கிறது? அதே நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் நம்மை ஏன் சேர்ப்பதில்லை? அந்த வீட்டுக்கூட்டம் வளர்ந்து 1925இல் கருப்பினக் கத்தோலிக்கர் கூட்டமைப்பு ஆயிற்று. ஆண்டுதோறும் மாநாடு, தமக்கெனச் சொந்த இதழ், ஆயர்களுக்கு நேருக்கு நேர் விண்ணப்பம்.

நல்லெண்ணம் கொண்ட வெள்ளை இனக் குருக்கள் இருவர், லஃபார்ஜ், மார்க்கோ என்போர், கூட்டமைப்பிற்கு உதவியாக வந்தனர். இதழை நடத்த உதவினர். ஊர்களில் கிளை அமைக்க உதவினர். சில ஆண்டுகளில், கருப்பர் மட்டும் தலைமை தாங்குவது பிரிவினைபோல் தோன்றுகிறது, இரு இனத்தவரும் சேர்ந்த அமைப்பே நல்லது என்று அறிவுரை வந்தது. பெயர் மாறியது, இதழின் பெயரும் மாறியது. இறுதியில் 1932இல் டர்னர் தலைமைப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தம் வீட்டுக்கூடத்தில் அவர் தொடங்கியது வேறொருவர் கைக்குப் போயிற்று. 1934இல் நியூயார்க்கில் லஃபார்ஜ் அமைத்த பல்லினக் கத்தோலிக்க மன்றம் பிற்காலத்தில் நாடெங்கும் பரவியது.

நேர்மையாகச் சொல்லவேண்டுமாயின், அம்மன்றம் தீயதன்று. நல்ல பணிகள் பல செய்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் 1936இல் கருப்பருக்குக் கதவைத் திறந்தது. ஆயினும் வெள்ளையர் நெஞ்சை மெல்ல மாற்றுவது முதல் வேலையாகவும், கருப்பர் தம் குறையைத் தாமே எடுத்துரைப்பது இரண்டாம் வேலையாகவும் ஆகிவிட்டது. கருப்பினக் கத்தோலிக்கக் குருக்கள் தமக்கெனத் தனி அவை கண்டு உரத்துப் பேச 1968 வரவேண்டியிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள்! டர்னர் நூற்றொரு வயது வாழ்ந்தமையால், 1978இல் மறைவதற்கு முன் அதைக் காணும் பேறு பெற்றார்.

1932 என்றதும் உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். புனா ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு அது. அதனைத் தொடர்ந்து, பின்னர் அரிசன சேவா சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்புத் தோன்றியது. வட்டமேசை மாநாட்டிற்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த அண்ணல் அம்பேத்கர், அச்சங்கம் எவ்வாறு பணிசெய்ய வேண்டும் என்று நடுக்கடலிலிருந்து அதன் செயலாளர் தக்கருக்கு நீண்ட மடல் எழுதினார். பதில் வரவில்லை. சங்க நிருவாகத்தில் எங்களுக்கும் உரிய இடம் வேண்டும் என்று நம்மவர் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பரிகாரம், ஆகவே அவர்களே நடத்துவர் என்று விடை கிடைத்தது. ஒரே ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத இரு நாடுகளில், ஒரே நியாயம் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்வொற்றுமையை முதன்முறை கவனித்த அன்று நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்புறம் சென்று சிறிது நேரம் நின்றோம்.

இதற்கு மாறான மரபும் நம்மிடம் உண்டு. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து, சட்டமன்றம் சென்று, 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார். இருவரும் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவரே.

இப்போது கடிதத்திற்கு வருவோம். நம் பகுதியிலுள்ள ஒரு தொழில் நிறுவனம் நம் மாலைப்பள்ளிக்குப் புதிய கட்டடமும் இருபது கணினிகளும் ஊதியம் பெறும் ஆசிரியர் இருவரையும் தர முன்வந்துள்ளது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. உடன்வந்த நிபந்தனைகள் மூன்று. பள்ளியின் எழுவர் குழுவில் ஐவர் அவர்களுடையவர். பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர். சனிக்கிழமைக் கூட்டம், பாடத்திற்குத் தொடர்பற்றது என்பதால், நிறுத்தப்பட வேண்டும்.

சனிக்கிழமைக் கூட்டம் இன்னதென்று புதிய உறுப்பினர்கள் சிலர் அறியார். சிப்காட் தொழிற்பூங்காவில் ஒப்பந்த வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வேலைமுறை முடிந்து வந்து அமர்கிறார்கள். ஒருநாள் ஒரு தம்பி தன் ஊதியச் சீட்டைக் கொண்டுவந்தார். எல்லாரும் சேர்ந்து அதைப் படித்தோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடித்தம். பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கைப்பேசியில் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சிலருக்குப் புதுக்கணக்கு எண் போடப்பட்டுப் பழைய பணம் அநாதையாகக் கிடப்பது தெரியவந்தது. கூட்டாக மனு எழுதினார்கள்; நாம் சந்திப்பிழைகளை மட்டும் திருத்தினோம். சில மாதங்களில் மூவருக்குப் பழைய கணக்குகள் ஒன்றாக இணைந்தன. பார், ஆராய், செய் என்று கார்டைன் சொன்னதற்கு இதைவிட நல்ல உரையை நாம் கண்டதில்லை. பிள்ளைகளோ அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

இக்கல்வி இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞர் கையில் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். சட்டப்படி தமக்குரியது எவ்வளவு எனக் கணக்கிட்டுச் சொல்ல நம் ஊர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்? 2021 திசம்பரில், மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் பூவிருந்தவல்லி விடுதியில் உணவு நஞ்சாகி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டபோது, உடன் பணியாற்றிய பெண்கள் இரவோடிரவாக இதே நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 1970இல் மாணவர்கள் எந்த ஊரில் அறிக்கை எழுதினார்களோ, அதே ஊர்ப் பெயர் அன்று செய்தித்தாள்களில் வந்தது. அம்முறை எழுதிக்கொடுக்க எவரும் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை.

கணினி வேண்டா என்று நாம் கூறவில்லை. தாய்மார்கள் பலர் நம்மிடம் வந்து, "ரோஷம் சோறு போடாதுங்க ஐயா, பிள்ளைங்க கம்ப்யூட்டர் கத்துக்கட்டும்" என்றார்கள். நியாயமான சொல். நம் ஒழுகும் கூரையையும் உடைந்த பலகைகளையும் பெருமை என்று சொல்லிக்கொண்டிருப்பது மூடத்தனம். ஆனால் ஒன்றைத் தெளிவாக அறியுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஆகவே வருவது தானமன்று, சட்டம் விதித்த கடமை. கடமையைச் செய்வோருக்கு நன்றி கூறலாம். நாற்காலியையும் எழுந்து கொடுக்கவேண்டியதில்லை. நாம் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் பெஞ்சு நன்கொடை அளித்தவரின் வருகைக்காகப் பிள்ளைகளை இரண்டு மணிநேரம் வெயிலில் நிற்கவைத்தோம். அன்று அந்தப் பெஞ்சுகளில் அமர்ந்திருந்தவர்கள் நாங்கள்தாம், ஆசிரியர்கள்.

நம் கருத்து இது. கட்டடமும் கணினியும் ஆசிரியரும் ஏற்கலாம். பெயர்ப்பலகையில் நன்கொடையாளர் பெயரைக் கழகத்தின் பெயருக்குக் கீழே பொறிக்கலாம், அதிற் குறையொன்றுமில்லை. குழுவில் ஏழு இடங்களில் இரண்டு அவர்களுக்குத் தரலாம். ஐந்து நம்மிடம் இருக்கவேண்டும், அவற்றுள் இரண்டேனும் சனிக்கிழமைக் கூட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு உரியதாதல் வேண்டும். கூட்டம் நடந்தே தீரும். இவற்றை அவர்கள் ஏற்காவிடில் என்ன செய்வது என்று தலைவர் நம்மைக் கேட்டார். ஏற்காமற் போகலாம், அப்போது கூரையை நாமே மாற்றவேண்டிவரும். அதற்காகும் செலவை நாம் கொத்தனாரிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறோம். தொகை சிறியதன்று என்பதையும் மறைக்கவில்லை.

பொதுக்குழு வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது. பதில் மடலின் வரைவும் கூரைச் செலவுக் கணக்கும் படிப்பகத்து மேசைமீது உள்ளன. மாற்றுக் கருத்துடையோர் ஓரத்தில் எழுதிக் கையொப்பமிடலாம். படிக்க இயலாத உறுப்பினர்களுக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் பிள்ளைகள் இரண்டையும் உரக்கப் படித்துக்காட்டுவார்கள்.